மனுவில் வரும் அந்தச் சிவப்புக் கோட்டுச் சொல்: எழுத்துப்பிழையா, பழைய எழுத்தா?

பாரிமுனைப்பேனா:
எல்லோருக்கும் வணக்கம். தம்பு செட்டித் தெருவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சட்டக் கேள்வி இல்லை, ஆங்கிலக் கேள்வி. இங்கே மொழிக்காரர்கள் அதிகம் என்பதால் கேட்கிறேன்.

உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய ஒரு மனு. எல்லா ஜூனியரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பழைய மனு ஒன்றைத் திறந்து பெயர், தேதி, சம்பவம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே வந்தேன். முதல் பக்கத்தில் 'மேற்படி மனுதாரரின் பணிவான மனு' என்று ஒரு வரி. அதற்குக் கீழே நடுவில், பெரிய எழுத்தில், 'மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி' என்று தொடங்கி ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு அடியில் கணினி சிவப்புக் கோடு போட்டிருந்தது. எஸ், எச், இ, டபிள்யூ, இ, டி, எச். 'ஷோ' என்று எழுத வந்தவர் கை தவறி ஓ-வுக்குப் பதில் இ அடித்துவிட்டார், அது பத்து வருடமாக நகலாகி நகலாகி வருகிறது என்று நினைத்தேன். மூன்றாவது எழுத்தை மாற்றிவிட்டேன். பெருமையாகவும் இருந்தது.

சீனியர் படித்துவிட்டுப் பேனாவால் சுழித்தார். "இதை யாரும்மா மாத்தச் சொன்னது?" பிழை என்று நினைத்தேன் சார் என்றேன். "நான் கோட்டு போட்ட நாள்லேர்ந்து இதுதான் எழுத்து" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்துக்கொண்டார்.

அது ஏன் அப்படித்தான்? அப்புறம் அதை எப்படி உச்சரிப்பது? நான் மனதுக்குள் 'ஷீவெத்' என்று படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து நாற்காலிப் பையன் 'ஷூவெத்' என்கிறான்.

மொட்டைமாடிக்காற்று:
பிழைதான். வெள்ளைக்காரன் காலத்து டைப்பிஸ்ட் யாரோ தப்பாக அடித்தது. நம் ஊரில் ஒருதடவை ஃபைலில் ஏறிவிட்டால் பிரம்மா வந்தாலும் இறக்க முடியாது.

பழுப்புத்தாள்:
மொட்டைமாடித் தம்பி, அவசரப்படாதீர்கள். பிழை இல்லை. முந்நூறு வருடத்துக்கு முன்னால் இதுதான் ராஜபாட்டை. நீங்கள் சரி என்று நினைக்கிற ஓ போட்ட எழுத்துதான் சந்து.

இந்தக் களத்தில் தமிழ் எழுத்து மட்டும்தான் என்பதால் ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். நடுவில் இ வரும் பழைய எழுத்தை 'இ-ஷோ' என்கிறேன். இன்றைக்கு எல்லோரும் எழுதுவது 'ஓ-ஷோ'. இரண்டும் ஒரே வினைச்சொல், பொருள் ஒன்றுதான், காட்டு.

1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில வேதாகமத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் இ-ஷோதான். இன்றைக்குக் கடையில் வாங்கும் பிரதியின் எழுத்துகள் பெரும்பாலும் 1769-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெஞ்சமின் பிளேனி சீர்படுத்தியவை. பல சொற்களை அவர் நவீனமாக்கினார், இ-ஷோவைத் தொடவில்லை. காரணம் எளிது. அவர் காலத்தில் அது பழைய எழுத்தாகவே தோன்றவில்லை.

ஜேன் ஆஸ்டின் நாவல்களின் முதல் பதிப்புகளிலும் அப்படித்தான், 1811-இலிருந்து. 'தேர்ந்தெடு' என்கிற சூஸ் என்ற சொல்லையும் அவர் இரண்டு ஓ போடாமல் ஒரு யு போட்டு எழுதியிருப்பார். நம் கையில் கிடைக்கும் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இதையெல்லாம் சத்தமில்லாமல் திருத்தியிருப்பார்கள். 1923-இல் ஆர். டபிள்யூ. சாப்மன் ஆக்ஸ்ஃபோர்டுக்காகப் பதிப்பித்தபோது பழைய எழுத்தை அப்படியே விட்டார். பெரிய நூலகத்தில் அந்தப் பதிப்பு கிடைத்தால் புரட்டிப் பாருங்கள்.

உச்சரிப்பு: 'ஷோ-எத்'. ஷீயும் இல்லை, ஷூவும் இல்லை.

பாரிமுனைப்பேனா:
நன்றி ஐயா. ஆனால் இ எழுதிவிட்டு ஓ என்று படிப்பானேன்?

வேப்பம்பூ:
தையல் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஆங்கிலத்தில் 'தை' என்ற சொல்லை எஸ், இ, டபிள்யூ என்றுதானே எழுதுகிறார்கள்? அதை 'ஸோ' என்றுதானே படிக்கிறோம்? யாரும் 'ஸ்யூ' என்பதில்லை. அதற்கு நடுவில் ஒரு எச் சேர்த்தால் உங்கள் சீனியரின் சொல்.

பழுப்புத்தாள்:
அருமை, அம்மா. நான் நாலு பத்தியில் சொல்ல இருந்ததை ஊசியில் கோத்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் சேர்த்தால் மூன்று பிள்ளைகள் கதை ஆகும். 'தூவு, இறை' என்ற பொருளில் ஸ்ட்ரூ. அதற்கும் ஒருகாலத்தில் இ போட்ட எழுத்து ஒன்று, ஓ போட்ட எழுத்து ஒன்று என்று இரண்டு இருந்தன. அது இ எழுத்தையும் வைத்துக்கொண்டது, 'ஊ' ஒலியையும் வைத்துக்கொண்டது. தையல் சொல் இ எழுத்தை வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் விட்டுவிட்டது. நம் ஷோ இரண்டையும் விட்டது. ஒரே குடும்பம், மூன்று பாகப்பிரிவினை.

கரிசல்கிணறு:
ஐயா, 'ஒலியை விட்டது' என்கிறீர்களே. அப்படியானால் ஒருகாலத்தில் இ-ஷோவை ஷூ என்றே படித்தார்களா? ஒலிப்பதிவா இருக்கிறது? எப்படி அடித்துச் சொல்வது?

பழுப்புத்தாள்:
ஒலிப்பதிவு இல்லை, பாட்டு இருக்கிறது. மில்டன் தமக்கு இருபத்து மூன்று வயது முடிந்துவிட்டதே, இன்னும் ஒன்றும் சாதிக்கவில்லையே என்று புலம்பி ஒரு பதினான்கு வரிப் பாட்டு எழுதினார். முதல் எட்டு வரிகளில் 1, 4, 5, 8 ஆகிய வரிகள் ஒரே இயைபில் முடிய வேண்டும். முடியும் சொற்களைப் பாருங்கள்: முதல் வரியில் இளமை, அதாவது 'யூத்'. ஐந்தாவதில் உண்மை, 'ட்ரூத்'. எட்டாவதில் 'என்டியூத்'. நடுவில் நாலாவது வரி, என் வசந்தம் இன்னும் ஒரு மொட்டைக்கூடக் காட்டவில்லை என்று வருகிற வரி. அதன் கடைசிச் சொல் நம் மனுச் சொல்தான், நடுவில் ஓர் உயிரெழுத்தைச் சுருக்கி. யூத், ட்ரூத், என்டியூத் நடுவில் உட்கார வேண்டுமானால் அது 'ஷூத்' என்றுதான் ஒலித்திருக்க வேண்டும்.

கரிசல்கிணறு:
கண்ணுக்கு மட்டும் ஒத்துப்போகிற இயைபு என்று ஒன்று ஆங்கிலத்தில் உண்டே? எழுத்து ஒரே மாதிரி இருந்தால் போதும், ஒலி வேறாக இருந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். இதுவும் அப்படி இருக்கலாம் அல்லவா?

பழுப்புத்தாள்:
நல்ல குறுக்கு விசாரணை. ஆனால் இந்த நான்கு சொற்களின் எழுத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஓ-யு, ஒன்றில் இ-டபிள்யூ, மற்ற இரண்டிலும் வெறும் யு. கண்ணுக்கு ஒத்துப்போகவே இல்லை. அதனால் காதுக்குத்தான் ஒத்துப்போயிருக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் இதையே சொல்கிறது. 1700 வாக்கு வரைக்கும் கவிஞர்கள் இந்தச் சொல்லை ட்ரூ, வ்யூ போன்ற சொற்களோடு இயைபு கட்டியிருக்கிறார்கள்.

காரணம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. மூலச்சொல் 'ஷேயவியன்' என்பது போல ஒலித்த ஒரு வினை. நடுவில் இரண்டு உயிர் ஒட்டிக்கொண்டு நின்றன. சில வட்டாரத்தார் முதல் உயிரை அழுத்தினார்கள். அது நாளடைவில் 'ஷ்யூ, ஷூ' என்று போனது. வேறு சிலர் இரண்டாவதை அழுத்தினார்கள். அது 'ஷோ' ஆனது. இ-எழுத்து முதல் கூட்டத்தின் உச்சரிப்புக்கு உரியது, ஓ-எழுத்து இரண்டாவது கூட்டத்துடையது. பேச்சில் இரண்டாவது கூட்டம் ஜெயித்துவிட்டது. தாளில் இன்னும் நூறு நூற்றைம்பது வருடம் முதல் கூட்டம் நாற்காலியை விடவில்லை. பாரிமுனை கேட்டாரே, இ எழுதி ஓ படிப்பானேன் என்று. எழுத்து ஒரு கூட்டத்தாருடையது, நாக்கு இன்னொரு கூட்டத்தாருடையது, அதனால்தான்.

மொட்டைமாடிக்காற்று:
சரி, டைப்பிஸ்ட் மேல் போட்ட பழியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கண்ணாடிக்கூடு:
ஜெர்மன் படிக்கிறவன் என்ற முறையில் ஒரு சின்னச் சேர்க்கை. அந்தப் பழைய ஆங்கில வினைக்குப் பொருள் 'காட்டு' இல்லை, 'பார்'. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பு 'ஷவுஎன்' இன்றைக்கும் 'பார்' என்றுதான் பொருள்படும். ஆங்கிலத்தில் 12, 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் அது 'பார்க்க வை' என்று திரும்பிக்கொண்டது. தமிழில் காண் வேறு, காட்டு வேறு. தன்வினை பிறவினை என்று பிரித்து வைத்திருக்கிறோம். அவர்கள் காண் என்ற சொல்லையே தூக்கிக் காட்டு ஆக்கிக்கொண்டார்கள்.

நாசரேத்துக்காரன்:
தாத்தாவின் ஆங்கில வேதாகமம் வீட்டில் இருக்கிறது. பழுப்புத்தாள் ஐயா சொன்னதும் எடுத்துப் பார்த்தேன். சங்கீதம் 19-இன் முதல் வசனத்திலேயே இருக்கிறது: ஆகாயவிரிவு அவருடைய கரங்களின் கிரியையை அறிவிக்கிறது என்ற இடத்தில்.

அதில் ஒரு வேடிக்கை. வசனத்தின் முதல் பாதியில் வானங்கள் மகிமையை வெளிப்படுத்துகிறது என்று வரும். ஆங்கிலத்தில் அங்கே 'டிக்ளேர்', வால் எதுவும் இல்லை. இரண்டாம் பாதியில் மட்டும் இ-ஷோவுக்கு 'எத்' வால் முளைக்கிறது. ஏன் இப்படி?

பழுப்புத்தாள்:
வானங்கள் பன்மை, ஆகாயவிரிவு ஒருமை. 'எத்' என்பது படர்க்கை ஒருமைக்கு மட்டும் வரும் பழைய விகுதி. இன்றைக்கு அந்த இடத்தில் வெறும் எஸ் போடுகிறோம். 1611-இலேயே பேச்சில் எஸ் நன்றாகப் புகுந்துவிட்டது. வேதாகமக்காரர்கள் மட்டும் கம்பீரத்துக்காக எத்தை விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

பாரிமுனைக்கு இதில் ஒரு பலன் உண்டு. மனுவில் அந்தச் சொல்லுக்கு எழுவாய் எது, சொல்லுங்கள் பார்ப்போம்?

பாரிமுனைப்பேனா:
மனுதாரர்?

பழுப்புத்தாள்:
இல்லை. மேல் வரியைச் சேர்த்துப் படியுங்கள். 'மேற்படி மனுதாரரின் பணிவான மனு' என்று ஒரு வரி நிற்கிறது, அதற்கு வினையே இல்லை. அடுத்த வரியில் 'மிகுந்த மரியாதையுடன் காட்டுகிறது' என்று ஒரு வினை நிற்கிறது, அதற்கு எழுவாயே இல்லை. இரண்டும் ஒரே வாக்கியம். நடுவில் வரி உடைத்து, தடித்த எழுத்தில் போட்டதால் இரண்டு தலைப்பு மாதிரி தெரிகிறது. காட்டுவது மனுதாரர் இல்லை, மனு. மனு ஒருமை. அதனால் மனுதாரர்கள் நாற்பது பேர் இருந்தாலும் எத் விகுதி சரிதான்.

பாரிமுனைப்பேனா:
ஐயோ. எட்டு மாதமாக அதை ஒரு தலைப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 'மனு காட்டுவது யாதெனில்' என்று படிக்க வேண்டியது.

திண்ணைக்கணக்கு:
நாற்பது வருடம் பத்திரம் எழுதியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். நம் கிரயப் பத்திரத்தில் இன்னார் இன்னாருக்கு 'எழுதிக்கொடுத்த கிரய சாசனம் என்னவென்றால்' என்று வரும் பாருங்கள். அங்கேயும் ஆளின் பெயர் முன்னால் நிற்கும், பேசுவது சாசனம். ஆங்கிலப் பத்திரத்தில் இதே இடத்துக்கு 'விட்னஸெத்' என்று போடுவார்கள், அதாவது இந்தப் பத்திரம் சாட்சி சொல்கிறது. அங்கேயும் எத் வால் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. சொத்து கைமாறியது, அவ்வளவுதான்.

வேப்பம்பூ:
பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதும் பழைய பாணியும் இதேதான். இன்னாரின் பணிவான மனு, அப்புறம் இ போட்ட நம் சொல், அப்புறம் காரியம். நம் நீதிமன்றங்களுக்கு இந்த வடிவம் அந்த வழியில்தான் வந்து சேர்ந்தது. பழைய இங்கிலாந்து தீர்ப்புத் தொகுப்புகளில் நம் 'ஷோ காஸ்'கூட இ போட்டுத்தான் இருக்கும்.

நாசரேத்துக்காரன்:
இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். ஆங்கில வேதாகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்து மேஜையில் வைக்கிற அப்பத்துக்கு 'ஷோ-பிரெட்' என்று இ போட்ட எழுத்தில் இருக்கிறது. காட்டும் அப்பமா? யாருக்குக் காட்ட? தமிழில் 'சமுகத்தப்பம்' என்றல்லவா இருக்கிறது?

கண்ணாடிக்கூடு:
இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். எபிரேயத்தில் அந்தச் சொல் 'முகத்தின் அப்பம்', அதாவது கடவுளின் சந்நிதியில் இருக்கும் அப்பம். லூதர் ஜெர்மனில் அதை 'ஷவ்-ப்ரோட்' என்றார், பார்வைக்கு வைக்கும் அப்பம். 1530-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டிண்டேல் அந்த ஜெர்மன் வடிவத்தை அப்படியே ஆங்கிலத்துக்கு வார்த்தார். அதனால் ஆங்கிலச் சொல் லூதர் வழி வந்தது, உங்கள் சமுகத்தப்பம் எபிரேயத்துக்கு நெருக்கமானது. இந்த ஒரு சொல்லில் தமிழ்தான் மூலத்துக்குப் பக்கத்து வீடு.

நாசரேத்துக்காரன்:
இன்று இரவு அம்மாவிடம் சொல்கிறேன். அவருக்குப் பெருமை தாங்காது.

பிழைதிருத்தி:
எழுத்து சரியா தவறா என்று பேசுகிறீர்கள். அதைத் 'திருத்தினால்' என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். என் பிழைப்பில் விழுந்த அடி இது.

ஒரு பதிப்பகத்துக்காக 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடிதங்களின் தொகுப்பு ஒன்றைப் பார்த்துக் கொடுத்தேன். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கத்து வியாபாரக் கடிதங்கள். ஒரு மாதம் உட்கார்ந்து மூலத்தோடு ஒப்பிட்டு, இ-ஷோவையெல்லாம் அப்படியே விட்டு, பக்க ஓரத்தில் 'மூலத்தில் இவ்வாறே' என்று குறித்தும் வைத்தேன். அச்சுக்குப் போகும் முந்தைய நாள் அலுவலகத்தில் யாரோ ஒரு நல்லவர் கோப்பைத் திறந்திருக்கிறார். எங்கு பார்த்தாலும் சிவப்புக் கோடு. தேடு, மாற்று, எல்லாவற்றையும் மாற்று. எஸ் எச் இ டபிள்யூ வந்த இடத்திலெல்லாம் இ போய் ஓ வந்தது. ஒரு நொடி வேலை.

புத்தகம் வந்தது. 84-ஆம் பக்கத்தில் ஒரு வியாபாரி கப்பலில் முந்திரி அனுப்புகிறார். முந்திரிக்கு ஆங்கிலம் என்ன? கேஷ்யூ. அதன் எழுத்தைச் சொல்லிப் பாருங்கள். சி, ஏ, அப்புறம் எஸ், எச், இ, டபிள்யூ.

என் புத்தகத்தில் அது 'கேஷோ' ஆகிவிட்டது. ஒரு இடத்தில் இல்லை, பதினோரு இடத்தில்.

மொட்டைமாடிக்காற்று:
கேஷோ!!! பண்ருட்டிக்காரன் நான். எங்கள் ஊர் பிழைப்பையே ஒரு எழுத்தில் காலி செய்துவிட்டார்களே.

கரிசல்கிணறு:
சிரிக்காமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும். அப்படியானால் 'தவிர்' என்ற பொருளில் வரும் எஸ்ச்யூ என்ற சொல்லும் மாட்டியிருக்குமே?

பிழைதிருத்தி:
அது தப்பித்தது. எஸ்ஸுக்கும் எச்சுக்கும் நடுவில் ஒரு சி நிற்கிறது. அந்த சி-க்கு நான் கோயில் கட்டலாம்.

மாற்றும்போது 'முழுச்சொல் மட்டும்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டிருந்தால் முந்திரி பிழைத்திருக்கும். கடிதங்கள் அப்போதும் பிழைத்திருக்காது. ஒரே எழுத்தர் 1820-இல் இ போட்டும் பத்து வருடம் கழித்து ஓ போட்டும் எழுதியிருந்தார். அந்த மாற்றத்தைக் காட்டத்தான் அந்தத் தொகுப்பின் முன்னுரையில் நான் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். முன்னுரை 'இ-எழுத்து எப்படி மெல்ல மறைகிறது பாருங்கள்' என்கிறது, உள்ளே ஒரு இ-கூட இல்லை. முன்னுரையிலும் எடுத்துக்காட்டுகள் மாறிவிட்டன என்பதால், 'ஓ-ஷோ என்பது ஓ-ஷோவாக மாறியது' என்று ஒரு வாக்கியம் அச்சில் நிரந்தரமாக இருக்கிறது.

திண்ணைக்கணக்கு:
ஐயா, உங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

வேப்பம்பூ:
எதிர்த் திசையிலும் இதே வம்பு உண்டு. ஸ்கேன் செய்த பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ஓ-ஷோ என்று தேடினால் 18-ஆம் நூற்றாண்டுப் பக்கங்கள் பாதிக்குப் பாதி வராது. சரி என்று இ-ஷோ போட்டுத் தேடினாலும் சில வராது. அந்தக் காலத்து அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் ஒரு நீளமான எஸ் போடுவார்கள், எஃப் மாதிரியே இருக்கும். எஃபுக்குக் குறுக்குக் கோடு இரண்டு பக்கமும் நீட்டும். இதற்கு இடப்பக்கம் மட்டும் சின்ன மூக்கு, சாய்வெழுத்தில் அதுவும் இருக்காது. கணினி அதை எஃப் என்றே படித்துவிடுகிறது. அதனால் 1800-க்கு முந்தைய புத்தகங்களில் நம் சொல்லைத் தேட 'ஃபெவ்' என்பது போல எஃப், எச், இ, டபிள்யூ என்று அடித்துப் பாருங்கள். கொத்தாக வந்து விழும். 1800-ஐ ஒட்டி அச்சகங்கள் அந்த எஸ்ஸைக் கைவிட்டன. அப்புறம் பிரச்சினை இல்லை.

கடற்கரைக்காகம்:
இதே வகைதானே 'யீ ஓல்ட்' என்று பழைய பாணிக் கடைப் பலகைகளில் வருவதும்? அதுவும் பழைய எழுத்தா?

பழுப்புத்தாள்:
கொஞ்சம் வேறு. அது ஒய் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கு 'தோர்ன்' என்று ஓர் எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது நாளடைவில் ஒய் மாதிரியே ஆகிவிட்டது, அச்சுக்காரர்களும் தோர்ன் இடத்தில் ஒய்யை வைத்தார்கள். ஆக அது 'த ஓல்ட்', யீ என்று படித்ததே பிற்காலத்து வேடிக்கை. இதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

கரிசல்கிணறு:
இ-ஷோவுக்கே திரும்புவோம். யார்தான் அதைக் கொன்றது? ஜான்சன் அகராதியா?

பழுப்புத்தாள்:
ஜான்சன் முயன்றார். 1755 அகராதியில் அவர் ஓ-ஷோவைத்தான் எடுத்துக்கொண்டார். பலரும் இ போட்டு எழுதுகிறார்கள், ஆனால் எப்போதும் ஷோ என்றுதான் சொல்கிறார்கள், அதனால் எழுத்தை உச்சரிப்புக்கு ஏற்ப வைத்தேன் என்று குறிப்பும் எழுதினார். இத்தனைக்கும் அவர் புரட்சிக்காரர் இல்லை. பப்ளிக், மியூசிக் எல்லாவற்றுக்கும் கடைசியில் கே போட்டவர். ஆனாலும் ஊர் கேட்கவில்லை. அவருக்கு அரை நூற்றாண்டு கழித்தும் ஆஸ்டின் புத்தகங்களில் இ நிற்கிறதே. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மெல்ல மெல்லக் குறைந்தது. குறிப்பிட்டுக் கொலைகாரர் என்று யாரையும் சொல்ல மாட்டேன்.

அமெரிக்கர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1787-இல் எழுதிய அவர்களுடைய அரசியல் சட்டத்தில் பிரதிநிதிகள் சபை தன் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கும் என்ற இடத்தில், ஆஸ்டின் போட்ட அதே யு போட்ட சூஸ்தான் இருக்கிறது. இன்றைக்கும் அச்சிடும்போது அதைத் திருத்துவதில்லை. அதே ஆவணத்தில் கையெழுத்துப் பகுதியில் பென்சில்வேனியாவுக்கு ஒரு என் குறைகிறது. அதையும் திருத்துவதில்லை.

கண்ணாடிக்கூடு:
பெர்னார்ட் ஷாவை விட்டுவிட்டீர்களே. 20-ஆம் நூற்றாண்டிலும் பிடிவாதமாக இ போட்டு எழுதியவர். 1909-இல் அவர் எழுதிய ஒரு நாடகத்தின் தலைப்பிலேயே இ-ஷோ இருக்கிறது; லண்டனில் தணிக்கை அனுமதிக்காததால் டப்ளினில் மேடையேறியது. வேடிக்கை என்னவென்றால் ஆங்கில எழுத்துமுறையே மோசம், புதிதாக நெடுங்கணக்கு வேண்டும் என்று உயில் எழுதி வைத்தவரும் அவர்தான். 'டோன்ட்', 'வோன்ட்' நடுவே வரும் மேற்புள்ளிகூட வீண் என்று எடுத்துப் போட்டவர், இந்த ஒரு பழைய இ-யை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தார்.

மொட்டைமாடிக்காற்று:
அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் என்று ஒருவர், 1948-இலிருந்து 1971 வரை நிகழ்ச்சி நடத்தியவர். அவர் ஷோ என்பதை 'ஷூ' மாதிரிச் சொல்வார் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். மில்டன் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார் போல.

பழுப்புத்தாள்:
தம்பி, இன்று காலையில் அது டைப்பிஸ்ட் பிழை என்றவரா இது?

பிழைதிருத்தி:
பாரிமுனை, உங்களுக்கு நேரான பதில்: ஓ போட்டாலும் தவறில்லை, உச்ச நீதிமன்ற மனுக்களில் இரண்டும் வருகின்றன. இன்றைய எழுத்தில் முழுதாகப் போக வேண்டும் என்றால் எத்தையும் எடுத்துவிட்டு எஸ் போட வேண்டும். இ-யை மட்டும் திருத்தி எத்தை விட்டுவைப்பது வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டுகிற மாதிரி. என் கட்சி இ. முந்திரி சாட்சி.

கரிசல்கிணறு:
எனக்கு உடன்பாடில்லை. கட்சிக்காரருக்கும் கொஞ்சமாவது புரிய வேண்டும். 'மனுதாரர் பணிவுடன் சமர்ப்பிப்பது' என்று சாதாரண ஆங்கிலத்தில் எழுதினால் எந்த நீதிபதி திருப்பி அனுப்பப்போகிறார்? புரியாத சொல்லை நகல் எடுத்துக்கொண்டே போவதற்குப் பெயர் மரபு இல்லை, சோம்பல். ஆனால் பழைய கடிதத்தில் கை வைப்பது வேறு, அங்கே நான் பிழைதிருத்தி பக்கம்.

திண்ணைக்கணக்கு:
எழுதுகிறவருக்குப் புரிந்தால் போதும் தம்பி. நேற்று வரை பாரிமுனைக்கே புரியவில்லை, இன்று புரிந்துவிட்டது. கட்சிக்காரர் தீர்ப்பை மட்டும்தான் படிப்பார்.

பாரிமுனைப்பேனா:
எல்லோருக்கும் நன்றி. இன்று நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

காலையில் சீனியரிடம் மில்டன், தையல், மனுதான் எழுவாய் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மூக்குக்கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். எழுவாய் விஷயம் மட்டும் அவருக்குப் புதிது. மேல் வரியையும் கீழ் வரியையும் விரலால் சேர்த்து இரண்டு தடவை படித்தார். "முப்பது வருஷமா நான்தான் காட்டறேன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார்.

அப்புறம் அலமாரியில் அவருடைய பழைய மனுக்களை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்ன மாதிரி கோட்டு போட்ட நாளிலிருந்து எல்லா வருடமும் இ என்று இல்லை. நடுவில் நாலைந்து வருடம் ஓ இருக்கிறது. அந்தக் காலத்தில் வேறு குமாஸ்தாவாம்.

நாளை ஃபைலிங். இ-யாகவே திருப்பிப் போட்டுவிட்டேன். சொல்லின் மேல் வலது பக்கம் தட்டி 'அகராதியில் சேர்' கொடுத்ததும் சிவப்புக் கோடு போய்விட்டது. இப்போது அந்தப் பக்கத்தில் தம்பு செட்டித் தெருவுக்கு அடியில் மட்டும்தான் கோடு இருக்கிறது.

பிழைதிருத்தி:
அனுப்புவதற்கு முன்னால் முந்திரி எங்காவது வருகிறதா என்று மட்டும் ஒருதடவை பார்த்துவிடுங்கள்.